பேராசிரியர் எழுதிய நூலை வளாகத்தின் கையில் சேர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை விலங்கியல் மாணவி ஒருவர் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்து, நம் பக்கத்து ஏரிகளில் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றித் தமிழில் நூல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நூற்பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றேன். அவர் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக முதல்வர் அறைக்குப் போனபோது, கண்ணாடி அலமாரியில் கேடயங்களுக்கு நடுவே அப்படியொரு நூல் நின்றுகொண்டிருந்தது. எழுதியவர் எங்கள் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர். முந்தைய ஆண்டு நடந்த அதன் வெளியீட்டு விழாவில் நானும் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். மேடையில் வழங்கப்பட்ட படிகள் பெற்றுக்கொண்டவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டன. நூலகத்துக்கு ஒரு படிகூட வரவில்லை. வந்ததா என்று நானும் கேட்கவில்லை.

ஒரு மாணவியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது இன்றும் உறுத்துகிறது. அந்த நாளுக்குப் பிறகு, எங்கள் ஆசிரியர்கள் எழுதும் நூல்கள் வளாகத்துக்குள் புழங்குவதற்கு ஒரு நடைமுறையைச் சிறுகச் சிறுக அமைத்துக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நூல் எழுதுகிற ஆசிரியர்களுக்கும், அவர்களோடு வேலை செய்கிற நூலகர்களுக்கும் இது பயன்பட வேண்டும். வெளியீட்டு விழா ஒரு நாளில் முடிந்துவிடும். நூலைப் பகிர்வது அதற்கு முன்பே தொடங்கி, விழா மறந்துபோன பிறகும் நடக்க வேண்டிய வேலை.

முதல் படி: ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

உங்கள் நூலை யாருக்கு, எந்த வடிவில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது பதிப்பகத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அச்சுப் படியை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; அது உங்கள் பொருள். மின்படியை நூலகச் சர்வரில் ஏற்றுவதும், ஓர் இயலை நகலெடுத்து விநியோகிப்பதும் வேறு. பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் நூலேயானாலும் அவர்களுடைய அனுமதி வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள்: உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிலப்பரப்புக்கு, எந்தெந்த வடிவங்களுக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பமும் வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா என்றும் கொள்ளப்படும். பத்து ஆண்டுகளுக்கு முன் வாய்ப்பேச்சோடு கொடுத்த நூலை இன்னும் பதிப்பகத்தின் சொத்து என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் அந்தப் பழைய கடிதங்களைத் தேடி எடுப்பது நல்லது.

இன்னும் கையெழுத்திடவில்லை என்றால் உங்கள் நிலை வலுவானது. ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: நூல் வெளியாகி இத்தனை மாதங்களுக்குப் பிறகு, ஆசிரியர் தாம் பணியாற்றும் நிறுவனத்தின் நூலகத்தில் உள்வளாகப் பயன்பாட்டுக்காக மின்படியை வைத்துக்கொள்ளலாம். சிறு பதிப்பகங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

சொந்தமாக அச்சிட்டால் நீங்களே பதிப்பாளர், உரிமையெல்லாம் உங்களுடையது, கடமைகளும் உங்களுடையவை. 1954ஆம் ஆண்டின் நூல்கள் அளிப்புச் சட்டப்படி, வெளியான முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு படி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். உங்கள் கல்லூரி நூலகத்தில் கரையான் அரித்துவிட்டாலும் எழும்பூர் கன்னிமாராவில் ஒரு படி இருக்கும். ஐ.எஸ்.பி.என். எனும் பன்னாட்டு நூல் எண்ணையும் இந்தியாவில் கட்டணமின்றியே தருகிறார்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: ஆசிரியர் படிகளை முன்கூட்டியே பங்கிடுங்கள்

பதிப்பகம் தரும் ஆசிரியர் படிகள் எத்தனையோ, அத்தனைக்கும் நூல் கையில் வரும் முன்பே பெயர் எழுதிவிடுங்கள். வந்த பிறகு எழுதலாம் என்று விட்டால், அறைக்கு வருகிறவர் எல்லாம் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். அன்பாகத்தான் எடுப்பார்கள், படிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பத்துப் படிகள் கிடைத்தால் நான் சொல்லும் கணக்கு இது. மூன்று மைய நூலகத்துக்கு: இரண்டு வெளியே எடுத்துச் செல்ல, ஒன்று அங்கேயே உட்கார்ந்து பார்க்க. ஒன்று துறை நூலகத்துக்கு. ஒன்று விடுதி வாசிப்பறைக்கு. இரவு பத்து மணிக்கு நூலகம் பூட்டியிருக்கும், விடுதி விழித்திருக்கும். ஒன்று உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கு. இரண்டு, அந்த நூல் உருவாக உழைத்தவர்களுக்கு. மிச்சம் இரண்டு உங்களுக்கு.

உழைத்தவர்கள் என்று நான் சொல்வது அணிந்துரை எழுதியவர்களை அல்ல. களப்பணிக்கு வண்டி ஓட்டியவர், மாதிரிகளைப் பக்குவம் செய்து வைத்த ஆய்வகப் பணியாளர், கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்தவர், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன ஊர்க்காரர். எங்கள் விலங்கியல் பேராசிரியர் தமக்கு வலை வீசி மீன் பிடித்துக் காட்டிய பெரியவரின் வீட்டுக்கே போய் ஒரு படியைக் கொடுத்துவிட்டு வந்தார். பெரியவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் பேத்தி சத்தமாக வாசிக்க, திண்ணையில் இருந்தவர்கள் மீன்களின் பெயர்களைத் திருத்தினார்களாம். அடுத்த பதிப்புக்கு அதைவிட நல்ல மெய்ப்புத் திருத்தம் கிடைக்காது.

முதல்வருக்கும் துணைவேந்தருக்கும் மரியாதைப் படி கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் நூலகத்துக்குரியதைக் குறைத்துக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: நூலகத்துக்குள் முறையாக நுழையுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்ல நூல்கள் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

நூலகரின் மேசையில் நூலை வைத்துவிட்டுப் போவது நூலகத்துக்குக் கொடுத்ததாகாது. வரும் நூல்களுக்கு வரிசை எண் போடும் சேர்க்கைப் பதிவேட்டில் எண் ஏறாத நூல், கணக்குப்படி அங்கே இல்லாத நூல். ஆகவே ஒரு சிறு கடிதம் எழுதுங்கள்: நூலின் பெயர், பதிப்பாண்டு, விலை, எத்தனை படிகள், நன்கொடையாகத் தருகிறேன். நூலகர் அதன்மேல் சேர்க்கை எண்ணை எழுதிக் கையொப்பமிட்டு, நகலை உங்களிடம் தரட்டும். இதைக் கேட்பது அவமரியாதை என்று தயங்காதீர்கள். நூலகராகச் சொல்கிறேன், கடிதத்தோடு வரும் நூலுக்கே முதலில் எண் போடுவோம். கடிதமில்லாத நூல் குவியலில் காத்திருக்கும்.

அடுத்தது பகுப்பு, அதாவது நூலைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவது. தமிழில் எழுதப்பட்ட நூல் என்றாலே தமிழ் இலக்கிய அடுக்கில் தள்ளிவிடும் பழக்கம் நம் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. டியூவி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. மீன்களுக்கு 597. மீன் நூல் கவிதைத் தொகுப்புகளுக்கு நடுவில் நின்றால், விலங்கியல் மாணவர் எவரும் அதைக் காணப் போவதில்லை. பொருளாதாரம், வேதியியல், சட்டம் எதைத் தமிழில் எழுதினாலும் அந்தந்தத் துறையின் ஆங்கில நூல்களோடு அருகருகே நிற்க வேண்டும். உங்கள் நூல் எந்த எண்ணின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். தவறாக இருந்தால் சொல்லுங்கள். பொருளை அறிந்தவர் நீங்கள்.

பெயரும் சிக்கலானது. நம் தலைப்பெழுத்துகள் படுத்தும் பாடு சொல்லி மாளாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளையின் நூல்களைத் தேடிப் பாருங்கள்: ஓரிடத்தில் எஸ். வையாபுரிப்பிள்ளை, இன்னோரிடத்தில் ச. வையாபுரிப் பிள்ளை. புள்ளியும் இடைவெளியும் மாறினால் கணினிக்கு அவர் வேறு ஆள். அவ்வளவு பெரிய அறிஞருக்கே இந்த நிலை என்றால் நம் நிலை என்ன? உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்து, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். புனைபெயர் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். எல்லா வடிவங்களையும் ஒரே ஆசிரியருக்குக் கீழ் இணைக்கக் கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் வழி இருக்கிறது.

தேடுசொற்கள் இன்னும் முக்கியம். நூலின் தலைப்பு அழகாக இருக்கும், ஆனால் தேடுகிற மாணவர் அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்யப் போவதில்லை. தம் மனத்தில் இருக்கும் சொல்லைத் தட்டுவார். மீன் நூலுக்கு நாங்கள் பிறகு சேர்த்த சொற்கள்: நன்னீர் மீன், ஏரி, கண்மாய், விரால், கெண்டை, அயிரை, குளத்து மீன்பிடி, நம் மாவட்டத்தின் பெயர். பத்துச் சொற்கள் போதும். இதை நூலகரால் தனியாகச் செய்ய முடியாது. எழுதியவர் உட்கார்ந்து பத்து நிமிடம் செலவழித்தால் முடிந்துவிடும். எனக்குத் தெரிந்து, ஒரு நூலுக்கு அதன் ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பத்து நிமிடம் இதுதான்.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. இரண்டாம் விதியான ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். நூலின் பக்கம் நின்று பேசுகிற விதி அது. நூலால் எழுந்து நடந்து வாசகரைத் தேட முடியாது, நாம்தான் தேட வேண்டும். பத்துத் தேடுசொற்கள் எழுதுவதும் அந்த விதியின்படி நடப்பதுதான்.

கடைசியாக ஓர் அடுக்கு. நுழைவாயிலுக்கு அருகே, கண் மட்டத்தில், நம் ஆசிரியர்களின் நூல்கள் என்று ஒரு தட்டை ஒதுக்கச் சொல்லுங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரி வேண்டாம், திறந்த தட்டு வேண்டும். பூட்டிய அலமாரியில் இருப்பது கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு பார்த்துவிட்டுப் போவதற்கு. திறந்த தட்டில் பார்வைக்கு ஒரு படியும், அதன் அருகே வெளியே எடுத்துச் செல்லும் படி எந்த அடுக்கில் இருக்கிறது என்ற எண்ணும் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை முன்னால் நிற்பதைப் பின்னால் நகர்த்துங்கள்.

நான்காம் படி: மின்படி

உரிமை உங்களிடம் இருந்தால், அல்லது பதிப்பகம் அனுமதித்தால், மின்படியையும் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு வரியை நகலெடுத்து, வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வருகிறதா?

பெரும்பாலும் வராது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நூலென்றால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் செய்திருந்தாலும், அச்சுக்காகப் பக்கம் வடிவமைத்த கோப்பில் கொம்பும் காலும் இடம் மாறி, கொ, கோ வரும் சொற்கள் சிதைந்திருக்கலாம். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தக் கோப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. ஆகவே அச்சகத்திடமிருந்து அச்சுக் கோப்பை மட்டும் வாங்காமல், மூல உரைக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நூல் வெளியான வாரமே கேளுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் அந்தக் கணினியே இருக்காது. மூலக் கோப்பு போய்விட்ட பழைய நூலென்றால், ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். எனும் எழுத்துணரி மூலம் உரையாக்கலாம், இப்போது தமிழுக்கு அது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, மெய்ப்பு மட்டும் பார்க்க வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் கலைக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு படிக்கும் மாணவர்களில் பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள். திரைவாசிப்பு மென்பொருள் யூனிகோட் உரையை மட்டுமே படித்துக் காட்டும். சிதைந்த கோப்பு அவர்களுக்கு வெற்றுத்தாள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக அவர்கள் அணுகக்கூடிய வடிவில் நூலை மாற்றிக் கொடுப்பதை, இலாப நோக்கமின்றிச் செய்தால் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. ஆகவே பதிப்பகத்தோடு என்ன ஒப்பந்தம் இருந்தாலும், உங்கள் வகுப்பில் இருக்கும் பார்வையற்ற மாணவருக்கு உரைக் கோப்பைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

மின்படியை எங்கே வைப்பது? ஆசிரியர்களின் எழுத்துகளை மின்வடிவில் சேமிக்கும் நிறுவனக் களஞ்சியம் கல்லூரிக்கு இருந்தால் அங்கே. பல இடங்களில் டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. ஆய்வேட்டை ஏற்றும் ஷோத்கங்கா களஞ்சியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது. வளாகத்துக்கு மட்டுமா, உலகத்துக்கேயா என்று முடிவு செய்யுங்கள். உலகத்துக்கே என்றால் பிறர் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நூல் விவரப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையும் உண்டு, தடுக்காத வகையும் உண்டு. கட்டற்ற இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் சேர்க்க விரும்பினால் தடுக்காத வகையே வேண்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், ஒரு வாரம் யோசித்த பிறகு கொடுங்கள். நூலில் பிறர் எடுத்த படங்களோ வரைபடங்களோ இருந்தால், அச்சுக்குப் பெற்ற அனுமதி இணையத்துக்குச் செல்லாது. தனியாகக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: வாசகரைச் சந்தியுங்கள்

வெளியீட்டு விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதியவரின் உழைப்பைச் சபை மதிப்பது நல்ல வழக்கம். ஆனால் இரண்டு மணி நேர விழாவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, ஐந்து வாழ்த்துரைகள் போக, நூலாசிரியருக்கு ஏற்புரை என்று பத்து நிமிடம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடத்தையும் நன்றி சொல்லியே அவர் முடித்துவிடுவார். நூலிலிருந்து ஒரு பத்திகூட அந்த அரங்கத்தில் ஒலித்திருக்காது.

விழா முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, நூலகத்துக்குள்ளேயே ஒரு சிறு சந்திப்பு வையுங்கள். நாற்பது நிமிடம் போதும். வேறு துறை மாணவர் ஒருவர் நூலை முன்பே படித்துவிட்டு ஐந்து நிமிடம் அறிமுகம் செய்யட்டும். நூலாசிரியர் கால் மணி நேரம் நூலிலிருந்து வாசிக்கட்டும். பேச வேண்டாம், வாசிக்கட்டும். மிச்சம் இருபது நிமிடம் கேள்விகளுக்கு. எந்தப் பகுதியை வாசிப்பது என்பதில் கவனம் வேண்டும். முன்னுரையை வாசிக்காதீர்கள். நூலுக்குள் மிகவும் புலனாகிற பகுதி எதுவோ அதை வாசியுங்கள்: ஒரு ஊர், ஒரு வழக்கு, ஒரு சோதனை தோற்றுப்போன நாள். எங்கள் பேராசிரியர், கோடையில் வற்றும் கண்மாயில் சேற்றுக்குள் விரால் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற மூன்று பக்கங்களை வாசித்தார். வணிகவியல் மாணவர்கள் கேள்வி கேட்டார்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மாலை நான்கரைக்கு வைத்தோம். கல்லூரி பஸ்கள் நாலே காலுக்குக் கிளம்பிவிடும். விடுதி மாணவர்கள் ஆறு பேர் வந்தார்கள். பிறகு மதிய உணவு இடைவேளைக்கு மாற்றினோம். சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்து அறையில் உட்கார அனுமதித்தோம். அறை நிறைந்தது. நாளும் அப்படித்தான். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்று அந்த நாளை விரும்புவார்கள். நம் கல்லூரிகளில் அப்போது பருவத் தேர்வு நெருங்கிவிடும் அல்லது நடந்துகொண்டிருக்கும். நவம்பர் 14இல் தொடங்கும் தேசிய நூலக வாரமும் பல இடங்களில் தேர்வோடு மோதுகிறது. ரங்கநாதனின் பிறந்தநாளாகவும் நூலகர் நாளாகவும் கொண்டாடும் ஆகஸ்ட் 12 பொருத்தமானது. புது மாணவர்கள் வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும், உள்தேர்வு தொடங்கியிருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு வரும் வாரங்களும் நல்லவை.

அலுவலகப் பணியாளர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சுற்றறிக்கை அவர்களுக்கு இல்லை என்றே நினைத்துக்கொள்வார்கள். வளாகம் என்பதில் அவர்களும் அடக்கம்.

ஆறாம் படி: வகுப்பறையில் எல்லை வையுங்கள்

தம் நூலைத் தம் மாணவர்களிடம் விற்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடுகிற கை நூலை நீட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல எந்த மாணவருக்கும் துணிவு வராது. கட்டாயம் இல்லை என்று நீங்கள் பத்து முறை சொன்னாலும் அது கட்டாயம்தான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் வீட்டில் 350 ரூபாய் என்றால் அதற்கு வேறு வேலைகள் இருக்கும். உங்கள் நூலே பாடத்துக்குத் தேவை என்றால், நூலகத்தில் கூடுதல் படிகள் வாங்கி வைக்கச் செய்யுங்கள். அந்தக் கொள்முதலை முடிவு செய்யும் குழுவில் நீங்கள் இருந்தால், உங்கள் நூலின் முறை வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள், குறிப்பேட்டிலும் அதைப் பதியச் சொல்லுங்கள்.

கற்பித்தலுக்காக ஒரு நூலின் பகுதியை நகலெடுத்துக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின் போக்கில் நகலெடுப்பது விலக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் மீது பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்குக்கு விரிந்த பொருள் கொடுத்தது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு எவ்வளவோ அவ்வளவு என்பதே அதன் சாரம். முழு நூலை நகலெடுத்து விற்பதற்கு இதைச் சாக்காகக் கொள்ளாதீர்கள். பாடத்துக்கு வேண்டிய இயலை மாணவருக்குக் கொடுக்க அஞ்சவும் அஞ்சாதீர்கள்.

ஏழாம் படி: முன்பு எழுதியவர்களையும் சேருங்கள்

ஆண்டு தோறும் ஜூன் மாதத்தில், கடந்த கல்வியாண்டில் நம் ஆசிரியர்கள் எழுதிய, மொழிபெயர்த்த, பதிப்பித்த நூல்களின் பட்டியலை நூலகம் தயாரிக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் எழுதும் நூல்கள் யாருடைய கணக்கிலும் வராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் மூன்று வரிக் குறிப்பு, அடுக்கில் நூல் இருக்கும் இடத்தைக் காட்டும் அழைப்பெண், மின்படி இருந்தால் அதற்கான க்யூ.ஆர். குறியீடு. இரண்டு தாளில் அடங்கும். புது மாணவர்களுக்கு நூலகத்தை அறிமுகப்படுத்தும் நாளில் கையில் கொடுத்துவிடலாம்.

பிறகு பின்னோக்கிப் போங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நூற்றாண்டு கண்டவை பல இருக்கின்றன. மறைமலை அடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தவர். மு. வரதராசன் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். புகழ்பெற்றவர்களின் நூல்கள் எப்படியும் கிடைக்கும். கவலை மற்றவர்களைப் பற்றியது. 1960களில் தமிழில் இயற்பியல் பாடநூல் எழுதியவர், உள்ளூர்க் கல்வெட்டுகளைப் படித்துச் சிறு வெளியீடு போட்டவர், தாவரங்களின் ஊர்ப் பெயர்களைத் தொகுத்தவர். அவர்கள் ஓய்வு பெற்று, காலமாகி, வீட்டில் இருந்த ஒரே கட்டு எடைக்குப் போகும். ஓய்வு பெற்றவர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். நாங்கள் போன ஒரு வீட்டில் பரணிலிருந்து பதினோரு படிகள் இறங்கின. கணவர் எழுதிய நூலைக் கேட்டு இருபது ஆண்டுகளில் யாரும் வரவில்லை என்று அந்த அம்மா சொன்னார். ஒன்றை வைத்துக்கொண்டு பத்தையும் எங்களிடம் கொடுத்தார். இந்தியாவில் விற்பனையில் கிடைக்காத நூலை, நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை நகலெடுத்துக்கொள்ள வணிக நோக்கற்ற பொது நூலகங்களுக்குச் சட்டம் அனுமதிக்கிறது. மின்னாக்கம் செய்து எல்லோருக்கும் திறந்து வைப்பதற்கு வாரிசுகளின் எழுத்து அனுமதி வேண்டும். அதே வருகையில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எட்டாம் படி: ஓராண்டு கழித்துத் திரும்பிப் பாருங்கள்

நூல் சேர்ந்து ஓராண்டு ஆனதும், எழுதியவரும் நூலகரும் சேர்ந்து அந்த நூலை அடுக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை முத்திரைகள்? மென்பொருளில் எத்தனை முறை வெளியே போயிருக்கிறது? ஒன்றுகூட இல்லை என்றால் இந்த வழிகாட்டியின் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். தேடுசொல்லிலோ பகுப்பிலோ தவறு இருக்கும். பல முறை போயிருந்தால் இன்னொரு படி வாங்கச் சொல்லுங்கள்.

பக்கங்களையும் புரட்டுங்கள். மாணவர்கள் நூலில் எழுதக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருப்பவன் நான். ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். மீன் நூலின் ஒரு படியில், படம் ஒன்றின் கீழே பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது: இது விரால் குஞ்சு இல்லை, குரவை. எழுதிய மாணவரைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஏரிக்கரை ஊர், அப்பா மீன் பிடிப்பவர். திட்டுவார்களோ என்று பயந்துகொண்டே வந்தார். பேராசிரியர் அவரை உட்கார வைத்து, பழைய மாதிரிகளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பையன் சொன்னது சரி. அந்த வாரமே திருத்தச் சீட்டு ஒன்றை அச்சிட்டு, அதில் மாணவரின் பெயரையும் வகுப்பையும் குறிப்பிட்டு, நூலகத்தில் இருந்த மூன்று படிகளிலும் அந்தப் பக்கத்தில் ஒட்டினோம். மின்படியில் படவிளக்கத்தை மாற்றினோம். விடுதி வாசிப்பறைப் படியில் ஒட்டுவதற்கு அந்த மாணவரே சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.